செஞ்சிக் கோட்டையை ஏறிப் பாக்கறது எப்படி, எந்தக் கல்லை எந்த வம்சம் வச்சதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி: முழு வழிகாட்டி

செஞ்சிக் கோட்டைன்னு சொன்னா முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வர்றது தேசிங்கு ராஜாதான். "தேசிங்கு ராஜா கோட்டை"ன்னே பேர் வச்சு கூப்பிடுவாங்க. ஆனா தேசிங்கு அந்தக் கோட்டையை முழுசா ஒரு வருஷம் கூட ஆளல. 1714ல 22 வயசுலயே போர்க்களத்துல செத்துப் போயிட்டான். அவன் பொறக்கறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே அந்த மதில், வாசல், களஞ்சியம் எல்லாம் அங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்ப யார்தான் கட்டினாங்கன்னா, ஒருத்தர் இல்ல. கோன்கள், குறும்பர், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், ஆற்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன்னு இத்தனை பேர் கை மாறின இடம் அது.

நான் முதல் தடவை போனப்போ கல்யாண மஹால் முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு, பாதி மலை ஏறிட்டு, வெயில் தாங்காம திரும்பிட்டேன். எதைப் பாத்தோம்னு கேட்டா சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் படிச்சுட்டு படிச்சுட்டு மறுபடி மறுபடி போனேன், ஒவ்வொரு தடவையும் அதே கல்லு வேற மாதிரி தெரிஞ்சுது. அதனாலதான் இதை எழுதறேன், போறவங்க முதல் தடவையே அந்தக் கோட்டையை வாசிச்சுட்டு வரணும்னு.

படி 1: கிளம்பறதுக்கு முன்னாடி வம்ச வரிசையை மனசுல ஏத்திக்கங்க

இது இல்லாம போனா எல்லாமே "பழைய சுவர்"னுதான் தெரியும். பரீட்சைக்குப் படிக்கற மாதிரி வேணாம், ஒரு கதை மாதிரி வச்சுக்கங்க.

ஆரம்பம் இடையர்கள்கிட்ட இருந்து. 1800கள் ஆரம்பத்துல பழைய ஆவணங்களைச் சேகரிச்ச வெள்ளைக்கார அதிகாரி கர்னல் மெக்கென்சிக்காக எழுதிக் கொடுத்த ஒரு தமிழ் வரலாறு இருக்கு, அதுல சொல்ற கதைப்படி 1190 வாக்குல ஆனந்தக் கோன்னு ஒருத்தர், ஆடு மேய்க்கற குலத்தைச் சேர்ந்தவர், இந்த மலையில ஒரு புதையல் கிடைச்சு அதை வச்சு ஆள் சேர்த்து சின்னதா ஒரு கோட்டை கட்டினார், மலைக்கு ஆனந்தகிரின்னு பேர் வச்சார். அதுதான் இப்ப நாம ராஜகிரின்னு சொல்றது. அவருக்கு அடுத்து வந்த கிருஷ்ணக் கோன் வடக்குப் பக்க மலையில கோட்டை கட்டினார், அது கிருஷ்ணகிரி. புதையல் கதையை எவ்வளவு நம்பறதுங்கறது அவங்கவங்க இஷ்டம், ஆனா கோன் குலத் தலைவர்கள்தான் முதல்ல அரண் போட்டாங்கங்கற ஞாபகம் இந்த ஊர்ல இன்னும் உயிரோட இருக்கு.

கோன்களுக்கு அப்புறம் குறும்பர் தலைவன் ஒருத்தன் கைக்குப் போய், 14ஆம் நூற்றாண்டுல விஜயநகரத்துக்கு கீழ வந்துச்சு. விஜயநகரம் தெற்கே மூணு நாயக்க அரசுகளை வளர்த்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம்: மதுரை, தஞ்சாவூர், அப்புறம் செஞ்சி. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கிடைச்ச பேர் செஞ்சி நாயக்கர்களுக்கு கிடைக்கலங்கறது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். நீங்க இன்னைக்குப் பாக்கற கட்டடங்கள்ல பெரும்பகுதி அவங்க காலத்து வேலை. 1597ல பிமென்டான்னு ஒரு ஏசு சபைப் பாதிரியார் இங்க வந்தார், அப்ப ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். இந்தியாவுல தான் பார்த்த ஊர்கள்லயே பெரிசு இதுதான், லிஸ்பனைத் தவிர போர்ச்சுகல்ல எந்த ஊரும் இவ்வளவு பெரிசு கிடையாதுன்னு எழுதி வச்சுட்டுப் போனார். இன்னைக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு அந்த வரியை யோசிச்சுப் பாருங்க.

1649ல பீஜப்பூர் சுல்தான் படை பிடிச்சுது. 1677ல சிவாஜி பிடிச்சார். 1690ல மொகலாயர் முற்றுகை போட்டு 1698ல உள்ள வந்தாங்க. அப்புறம் அவங்க கீழ கில்லேதாரா, அதாவது கோட்டைத் தலைவரா இருந்த புந்தேலா ராஜபுத்திரர் ஸ்வரூப் சிங், அவர் மகன் தேஜ் சிங், அதாவது நம்ம தேசிங்கு. 1714ல ஆற்காட்டு நவாப். 1750ல பிரெஞ்சு. 1761ல இங்கிலீஷ். நடுவுல 1780ல ஹைதர் அலி ஒரு தடவை. அதோட சரி.

ஒவ்வொருத்தரும் வந்ததும் பேரையும் மாத்தினாங்க. பீஜப்பூர்க்காரங்க பாதுஷாபாத்னாங்க, மராத்தியர் சந்தின்னாங்க, மொகலாயர் தங்க தளபதி ஜுல்பிகார் கானோட நஸ்ரத் ஜங்ங்கற பட்டத்தை வச்சு நஸ்ரத்கட்னாங்க, வெள்ளைக்காரங்க வாயில அது ஜிஞ்ஜி ஆச்சு. ஊர்க்காரங்க மட்டும் எப்பவும் செஞ்சின்னே சொல்லிட்டு இருந்தாங்க.

படி 2: நாளைத் திட்டமிடறது

செஞ்சியில ரயில் ஸ்டேஷன் கிடையாது. திண்டிவனத்துல இறங்கி திருவண்ணாமலை பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள செஞ்சி. ஊர்ல இருந்து கோட்டை ஒரு ரெண்டு கிலோமீட்டர் மேற்கே, ஆட்டோ கிடைக்கும்.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம். ஏப்ரல் மேல போனா அந்தப் பாறை கக்கற சூடு தாங்காது, நிழலே கிடையாது பெரும்பாலும். காலையில வாசல் திறக்கறப்பவே நிக்கணும். மேல ஏற சாயங்காலம் வரைக்கும் விட மாட்டாங்க, மதியத்துக்கு அப்புறம் நிறுத்திடுவாங்க, அதனால முதல்ல ராஜகிரி ஏறிட்டு மத்ததெல்லாம் இறங்கினப்புறம். டிக்கெட் கவுண்டர்ல அன்னைக்கு எத்தனை மணி வரைக்கும் ஏற விடறாங்கன்னு கேட்டுக்கங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, பிடிமானம் உள்ள ஷூ, தொப்பி. சாப்பாட்டை கையில தொங்கவிட்டுட்டுப் போகாதீங்க, குரங்குங்க பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே ஓடி வரும், பைக்குள்ள ஜிப் போட்டு வச்சுடுங்க.

ரெண்டு மலையும் ஒரே நாள்ல ஏறணும்னா நல்ல உடம்பு வேணும். முழங்கால் வலி இருக்கறவங்க கீழ்க்கோட்டையை மட்டும் நிதானமா பாத்தாலே அரை நாள் போயிடும், அதுல குறை ஒண்ணும் இல்ல.

படி 3: உள்ள போறதுக்கு முன்னாடி ரோட்டுல நின்னு பாருங்க

எல்லாரும் தவற விடறது இதைத்தான். திருவண்ணாமலை ரோடு கோட்டையைக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகுது. செஞ்சியில இருந்து வர்றப்போ வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி, அதுக்கும் தெற்கே தள்ளி சந்திராயன் துர்க்கம், சந்திரகிரின்னும் சொல்லுவாங்க. மூணு மலையையும் மதில் போட்டு ஒரு முக்கோணமா இணைச்சிருக்காங்க. மதிலோட மொத்த நீளம் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர்.

இதுல உள்ள யோசனையைப் புரிஞ்சுக்கங்க. வேலூர்க் கோட்டை மாதிரி சமதரையில இருந்தா நாலு பக்கமும் அகழி வேணும், மதில் வேணும். இங்க மலையே பாதி வேலையைச் செஞ்சுடுது. செங்குத்துப் பாறை இருக்கற இடத்துல சுவரே கட்டல, பாறைக்கும் பாறைக்கும் நடுவுல சந்து இருக்கற இடத்துல மட்டும் கட்டியிருக்காங்க. இன்னொண்ணு, மூணு மலைக்கும் தனித்தனி அரண் இருக்கறதால, எதிரி முக்கோணத்துக்குள்ள நுழைஞ்சாலும் மூணையும் தனித்தனியா பிடிக்கணும். கீழ இருக்கறது ஊரும் அரண்மனையும், மேல இருக்கறது கடைசிப் புகலிடம்.

படி 4: மதிலை வாசிக்கக் கத்துக்கங்க

இதுதான் இந்த வழிகாட்டியோட முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒரு மதில் முன்னாடி நின்னீங்கன்னா மூணு விஷயம் பாருங்க. முதல்ல கல் எப்படி அடுக்கியிருக்கு. மலைச்சரிவுல ஏறிப்போற பழைய சுவர்கள்ல பெரிய பெரிய கருங்கல்லை, பெருசா செதுக்காம, ஒண்ணோட ஒண்ணு கவ்வற மாதிரி வச்சு நடுவுல சின்னக் கல்லு சொருகியிருப்பாங்க. அது வில், வேல், யானை காலத்து யோசனை. உயரமா, செங்குத்தா இருந்தா போதும், ஏணி வச்சு ஏற முடியாம இருக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது, எவ்வளவு தடிமன். பீரங்கி வந்தப்புறம் உயரமான ஒல்லிச் சுவர் பிரயோஜனம் இல்ல, நாலு குண்டு விழுந்தா சரிஞ்சிடும். அதனால சுவரை அகலமாக்கினாங்க, உள்ள மண்ணைக் கொட்டி நிரப்பினாங்க, குண்டு வந்து விழுந்தா மண்ணு அதை முழுங்கிடும். செஞ்சியில கீழ்க்கோட்டை மதில் சில இடத்துல 20 மீட்டர் வரைக்கும் தடிமன், மேல ஏறி நின்னா லாரி ஓட்டலாம் போல இருக்கும், முன்னாடி 24 மீட்டர் அகல அகழி. இந்தத் தடிச்ச மதிலும், அதுக்குள்ளயே காவல் அறைகள் வச்ச அமைப்பும் மராத்தியர் வேலைன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. சிவாஜி 1677ல கோட்டையைப் பிடிச்ச கையோட பழைய அரண்ல வேண்டாததை இடிச்சுட்டு புது மதில் எழுப்பினார், அகழி வெட்டினார், கொத்தளம் கட்டினார்னு அப்ப இந்தப் பக்கம் இருந்த ஏசு சபைப் பாதிரியார்களே கடிதத்துல எழுதியிருக்காங்க. தன் தலைநகரம் ராய்கட்ல இருந்து இவ்வளவு தூரம் தள்ளி ஒரு கோட்டைக்கு ஏன் அவ்வளவு காசு கொட்டினார்னு அப்ப யாருக்கும் புரிஞ்சிருக்காது, பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு அவர் மகன் உயிர் தப்பினது அந்த மதிலாலதான், அதைக் கீழ சொல்றேன். 2025 ஜூலையில யுனெஸ்கோ மராத்தியர் ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்கல்ல, அதுல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்கற ஒரே கோட்டை செஞ்சிதான். அதுக்குக் காரணம் இந்த மதில்களும், மொகலாயர் முற்றுகையை இது தாக்குப்பிடிச்ச எட்டு வருஷமும்.

மூணாவது, சுவரோட தலைப்பாகம். மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டின கைப்பிடிச் சுவர்ல சின்னச் சின்னதா துளை இருந்தா, அது துப்பாக்கி நீட்டறதுக்கு. கீழ கருங்கல், மேல செங்கல்னு ஒரே சுவர்ல ரெண்டு மாதிரி வேலை தெரிஞ்சா, பெரும்பாலும் பழைய மதில் மேல பின்னாடி வந்தவங்க ஏத்திக் கட்டினதுன்னு வச்சுக்கலாம்.

வாசலையும் இதே மாதிரி பாருங்க. நேரா உள்ள போற வாசலே இருக்காது. ஒரு கதவு தாண்டினா முற்றம், அங்க இருந்து திரும்பி இன்னொரு கதவு, மறுபடி திரும்பணும். யானை ஓடி வந்து முட்டணும்னா அதுக்கு இடம் வேணும், அந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது. முற்றத்துல மாட்டிக்கிட்டவனை நாலு பக்கமும் மேல இருந்து அடிக்கலாம். வடக்குப் பக்கம் ஆற்காடு வாசல், வேலூர் வாசல்னும் சொல்றது, கிழக்கே பாண்டிச்சேரி வாசல். பேரே சொல்லுது எந்தக் காலத்துல யாருக்கு எந்தப் பக்கம் முக்கியமா இருந்துச்சுன்னு.

வளைவு இருக்கா உத்தரம் இருக்கான்னும் கவனிங்க. தூண் மேல போதிகைங்கற தாங்குகல் வச்சு நேர்க்கல் போட்டா கோயில் கட்டற சிற்பி வழக்கம். கூர்மையான வளைவு, குவிமாடம், சுதைப் பூச்சு எல்லாம் சுல்தான்கள் பக்கத்துல இருந்து வந்த பாணி. ஆனா அவசரப்பட்டு வளைவைப் பாத்ததும் "இது முஸ்லிம் ராஜா கட்டினது"ன்னு சொல்லிடாதீங்க. விஜயநகரமும் நாயக்கர்களும் அந்தப் பாணியை விரும்பி எடுத்துக்கிட்டவங்க. அடுத்த படியில அதைக் கண்ணால பாப்பீங்க.

படி 5: கீழ்க்கோட்டை, நாயக்கர் ஊர்

உள்கோட்டைக்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல படறது கல்யாண மஹால். சதுரமான முற்றம், சுத்தி அறைகள், நடுவுல எட்டு அடுக்கு கோபுரம், உச்சியில கோயில் விமானம் மாதிரி கூம்பின கூரை. கீழ எல்லாம் வளைவு, மேல கோயில் சாயல், ரெண்டும் ஒரே கட்டடத்துல, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம. நாயக்கர் காலத்து ரசனைன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். ராஜ குடும்பத்துப் பெண்கள் தங்கின இடம்னு சொல்றாங்க. வெளியில இருக்கற நீர்த்தேக்கத்துல இருந்து சுடுமண் குழாய் வழியா மேல் அடுக்குக்கு தண்ணி ஏத்தியிருக்காங்க. மோட்டார் இல்ல, பம்பு இல்ல, தண்ணி புறப்படற இடத்தோட மட்டத்தை வச்சே ஏத்தியிருக்காங்க. அந்தக் குழாய் போன தடத்தைத் தேடிப் பாருங்க.

பக்கத்துலயே வரிசையா நீளமா அறைகள், குதிரை லாயம்னு சொல்வாங்க. அப்புறம் நெற்களஞ்சியம். உள்ள போய் ஒரு தடவை கைதட்டிப் பாருங்க, எதிரொலி அடங்கவே நேரம் ஆகும். சுவர் அவ்வளவு தடிமன், கூரை வளைஞ்ச விதானம், வெளிய வெயில் கொளுத்தினாலும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். ஒரு கோட்டையோட பலம் பீரங்கியில இல்ல, எத்தனை மாசத்துக்கு நெல் இருக்குங்கறதுலதான்னு எனக்குப் புரிஞ்சது இந்தக் களஞ்சியத்துக்குள்ள நின்னப்போதான். உடற்பயிற்சிக் கூடம், யானைகள் தண்ணி குடிக்கறதுக்கான ஆனைக்குளம், தோண்டி எடுத்த அரண்மனை அடித்தளம் எல்லாம் இந்தப் பக்கமே இருக்கு.

வேணுகோபால சுவாமி கோயில் சின்னதுதான், ஆனா உள்ள கண்ணன் புல்லாங்குழல் ஊதற புடைப்புச் சிற்பம் இருக்கு, அதைப் பாக்காம போகாதீங்க. உள்கோட்டைப் பக்கம் இருக்கற பள்ளிவாசல் சாதத்துல்லா கான் பேர்ல இருக்கு, 1717-18ல கட்டினது. அதாவது தேசிங்கு செத்து மூணு நாலு வருஷத்துக்குள்ள, அவனை ஜெயிச்ச நவாப் எழுப்பினது. பாரசீக மொழிக் கல்வெட்டு இருக்கு பாருங்க. ஜெயிச்சவன் கட்டின பள்ளிவாசல்ல இருந்து பாத்தா தோத்தவன் இருந்த மலை நேரா தெரியும்.

படி 6: ராஜகிரி ஏறறது

உயரம் ஏறக்குறைய 240 மீட்டர். நிதானமா ஏறினா ஒண்ணரை மணி நேரம் வச்சுக்கங்க. படிகள் ஒரே அளவுல இருக்காது, சில இடத்துல பாறையையே வெட்டியிருக்காங்க, சில இடத்துல கல் அடுக்கியிருக்காங்க. வழியில வாசல் மேல வாசலா வரும், அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் ஏழுன்னு கணக்கு. ஒவ்வொண்ணுலயும் நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே திரும்பிக் கீழ பாருங்க. மேல காவல் நிக்கறவன் பார்வையில நீங்க வந்த வழி முழுக்க எவ்வளவு நேரம் நிராயுதபாணியா தெரிஞ்சிருப்பீங்கன்னு புரியும்.

நடுவழியில கமலக்கண்ணி அம்மன் கோயில். ராஜாக்கள் அத்தனை பேரும் போயிட்டாங்க, அம்மன் மட்டும் இன்னும் பூஜை வாங்கிக்கிட்டு இருக்கா. மலைக்கு கமலகிரின்னு ஒரு பழைய பேர் உண்டு, அது இவளால வந்ததுதான். பலிக்கல்லும் அங்கயே பாக்கலாம்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இந்தக் கோட்டையோட உயிர்நாடி இருக்கு. மலை அங்க இயற்கையாவே பிளந்து கிடக்கு, ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைத் தாண்ட ஒரு மரப்பாலம், அந்தக் காலத்துல இழுத்துக்கற மாதிரி இருந்துச்சு. பாலத்தை எடுத்துட்டா கதை முடிஞ்சுது. கீழ எத்தனை ஆயிரம் பேர் நின்னாலும் மேல விரல் விட்டு எண்ற ஆளுங்க காவல் காக்கலாம். வெள்ளைக்காரங்க இதைக் கிழக்கு நாட்டு ட்ராய்னு (கிரேக்கக் கதையில நீண்ட முற்றுகையைத் தாங்கின நகரம்) சொன்னது சும்மா இல்ல. பாலத்துல நடு நடுவுல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, காத்து பலமா அடிக்கும்.

மேல ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கஜானா அறை, மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. இதையெல்லாம் விட நான் பாக்கச் சொல்றது தண்ணிதான். அவ்வளவு உசரத்துல வத்தாத சுனை இருக்கு. அதோட பாறைச் சரிவுல விழற மழையை வீணாக்காம பிடிச்சு வைக்கற தொட்டிகளும் உண்டு. நெல்லும் தண்ணியும் இருந்தா பாலத்தை எடுத்துட்டு உக்காந்துக்கலாம். அப்படித்தான் ஒரு மனுஷன் உக்காந்தார்.

படி 7: உச்சியில உக்காந்து அந்த எட்டு வருஷத்தை நினைச்சுப் பாருங்க

தண்ணி குடிச்சுட்டு, நிழல் பாத்து உக்காருங்க. 1689ல ஔரங்கசீப் சிவாஜியோட மூத்த மகன் சம்பாஜியைப் பிடிச்சுக் கொன்னுட்டார், ராய்கட் விழுந்துடுச்சு, மராத்திய ராஜ்ஜியமே முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அப்ப சிவாஜியோட இளைய மகன் ராஜாராம் பன்ஹாலா கோட்டையில இருந்து மாறுவேஷத்துல தப்பிச்சு, கன்னட நாட்டைக் கடந்து, அந்த வருஷம் நவம்பர் வாக்குல இங்க வந்து சேந்தார். அப்பா பலப்படுத்தி வச்ச கோட்டை இருக்கே. அன்னையில இருந்து மராத்தியருக்குத் தலைநகரம் செஞ்சி. யோசிச்சுப் பாருங்க, சஹ்யாத்ரி மலையில ஆரம்பிச்ச ஒரு ராஜ்ஜியத்தோட தலைநகரம் நம்ம விழுப்புரம் பக்கத்துல.

ஜுல்பிகார் கான் 1690ல வந்து முற்றுகை போட்டார். இவ்வளவு பெரிய சுற்றளவை முழுசா வளைக்க எந்தப் படையாலயும் முடியல, ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் நெல் வண்டி உள்ள போயிடும். மறு வருஷக் கடைசியில அவர் அப்பா அசத் கானும், ஔரங்கசீப்போட கடைசி மகன் காம்பக்ஷும் வந்து சேந்தாங்க. வந்த இளவரசனே ராஜாராமோட ரகசியமா பேச ஆரம்பிச்சுட்டான்னு தெரிஞ்சு, அவனைத் தளபதிகளே கைது பண்ண வேண்டியதாப் போச்சு. வெளியில சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ்னு ரெண்டு மராத்தியத் தளபதிகள் மொகலாயருக்கு வர்ற தானியத்தை அடிச்சு நிறுத்தினாங்க. முற்றுகை போட்டவனே பட்டினி. ஒரு கட்டத்துல ஜுல்பிகார் கான் முற்றுகையை விட்டுட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

1698 ஆரம்பத்துல கடைசியா உள்ள வந்தாங்க. மொகலாயத் தளபதி தாவூத் கான் சந்திராயன் துர்க்கம் பக்கமா ஏறினார். நீங்க இப்ப உக்காந்திருக்கற இடத்துல இருந்து தெற்குப் பக்கம் திரும்புனா அந்த மலை தெரியும், முக்கோணத்துலயே பலவீனமான முனை அதுதான்னு கண்ணாலயே சொல்லிடலாம். ஆனா அதுக்குள்ள ராஜாராம் வேலூருக்குத் தப்பிச்சு, அங்க இருந்து தாய்நாட்டுக்கே போயிட்டார். மொகலாயருக்குக் கோட்டை கிடைச்சுது, எதுக்காக வந்தாங்களோ அது கிடைக்கல.

இதையே 1750 ராத்திரியோட ஒப்பிட்டுப் பாருங்க. எட்டு வருஷம் தாக்குப்பிடிச்ச அதே கோட்டையை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செப்டம்பர் மாசம் ஒரே ராத்திரியில, வெடிமருந்து வச்சு வாசல் கதவைத் தகர்த்துப் பிடிச்சுட்டார். மலை அதே மலை, மதில் அதே மதில். உள்ள இருந்தவங்களுக்கு ஒரு தலைவன் இல்ல, அதுதான் வித்தியாசம்.

படி 8: கிருஷ்ணகிரி

தெம்பு இருந்தா ரோட்டைத் தாண்டி இந்த மலை. ராஜகிரியை விட உயரம் கம்மி, கூட்டமும் கம்மி, எனக்கு இதுதான் அதிகமா பிடிக்கும். வழி ஏறக்குறைய முழுக்க கருங்கல் படி. மேல களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் ஊத்தி வச்ச கிணறு மாதிரி தொட்டிகள், கிருஷ்ணன் கோயில், ரங்கநாதர் கோயில். குவிமாடக் கூரை போட்ட தர்பார் மண்டபத்துல போய் உக்காந்தா எல்லாப் பக்கமும் வளைவு வழியா காத்து வரும், எதிர்ல ராஜகிரி முழுசா தெரியும். ராஜகிரியை நல்லா போட்டோ எடுக்கணும்னா இங்க இருந்துதான் எடுக்கணும்.

படி 9: தேசிங்கு

இறங்கினதும் செட்டிகுளம், சக்கரகுளம் பக்கம் நடங்க. தேசிங்கை எரிச்சதும், அவன் பொண்டாட்டி உடன்கட்டை ஏறினதும் இந்தக் குளக்கரைதான்னு ஊர்ல சொல்வாங்க.

அவன் கதை சுருக்கமா இதுதான். அப்பா ஸ்வரூப் சிங் 1700ல இருந்து மொகலாயருக்காக இந்தக் கோட்டையைப் பாத்துக்கிட்டார். அவர் செத்ததும் மகன் வந்தான். நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணத்தைக் கட்டச் சொன்னார், இவன் கட்ட மாட்டேன்னான். அக்டோபர் 1714, சங்கராபரணி ஆத்துல வெள்ளம், நவாப் படை பெரிசு, இவன் பக்கம் சில நூறு குதிரை வீரங்கதான். கூட நின்னவன் நண்பன் மகபத் கான். ஒரு ராஜபுத்திர இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரே போர்ல ஒரே பக்கம் நின்னு செத்தாங்க. தமிழ்க் கதைப்பாட்டுக்காரங்க அவங்க ரெண்டு பேரையும், நீலவேணிங்கற குதிரையையும் ஊர் ஊரா பாடினாங்க. வடக்கே புந்தேல்கண்டுல இருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன் அப்படித்தான் தமிழ்நாட்டு வீட்டுப் பேரா ஆனான். அவன் மனைவி நினைவா நவாப் வச்ச பேர்தான் ராணிப்பேட்டைன்னு ஒரு வழக்கு உண்டு.

அதனால தேசிங்கு ராஜா கோட்டைன்னு சொல்றவங்களை நான் திருத்த மாட்டேன். மதில் கட்டினவங்க வேற, ஊர் மனசுல கட்டினது அவனை.

பக்கத்துல ஒரு பெரிய பாறை உருண்டை, உச்சியில ஓட்டையோட இருக்கும், கைதிக் கிணறுன்னு பேர். மரண தண்டனைக் கைதிகளை அதுக்குள்ள தள்ளிப் பட்டினி போட்டுக் கொல்வாங்கன்னு சொல்றாங்க. குழந்தைங்களை ரொம்ப எட்டிப் பாக்க விடாதீங்க.

படி 10: வெங்கடரமணர் கோயில், அப்புறம் பாண்டிச்சேரி கடற்கரை

நாளோட கடைசியில, வெயில் சாயறப்போ, பாண்டிச்சேரி வாசல் பக்கம் இருக்கற வெங்கடரமணர் கோயிலுக்குப் போங்க. 16ஆம் நூற்றாண்டுல முத்தியாலு நாயக்கர் கட்டினது, கோட்டைக்குள்ள இருக்கற கோயில்கள்லயே பெரிசு. கோபுர வாசல் சுவர்ல ராமாயணக் காட்சியும் பாற்கடல் கடையறதும் வரிசையா செதுக்கியிருக்கும், சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டுல விழறப்போ ஒவ்வொரு உருவமும் எழுந்து நிக்கும். உள்ள போனா சில இடம் வெறிச்சுன்னு இருக்கும், இங்க ஏதோ நின்னிருக்கணுமேன்னு தோணும். நின்னுச்சு. ஒரே கல்லுல செஞ்ச உயரமான தூண்களை பிரெஞ்சுக்காரங்க பெயர்த்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

1761 ஜனவரியில பாண்டிச்சேரி விழுந்துச்சு, ஏப்ரல்ல செஞ்சியும் இங்கிலீஷ்காரன்கிட்ட சரணடைஞ்சுது, பிரெஞ்சுக்காரங்க இங்க பிடிச்ச கடைசி இடங்கள்ல ஒண்ணு இது. அதுக்கப்புறம் யாருக்கும் இந்த ஊர் தேவைப்படல, காய்ச்சல் பிடிச்ச ஊர்னு பேர் வாங்கி காடா கிடந்துச்சு, 1921லதான் பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க. தூண் மட்டும் பாண்டிச்சேரியிலயே நின்னு போச்சு.

அதனால மறுநாள் பாண்டி போற திட்டம் இருந்தா, பீச் ரோட்டுல காந்தி சிலைகிட்ட போங்க. சிலையைச் சுத்தி நிக்கற அந்த உசரமான கருங்கல் தூண்கள் செஞ்சியில இருந்து வந்ததுதான். ஐஸ்கிரீம் சாப்பிடறவங்க சாய்ஞ்சு உக்காந்திருப்பாங்க, கொஞ்சம் நகரச் சொல்லிட்டு, தூண்ல இருக்கற சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க, நேத்து நீங்க பாத்த கோபுர வாசல்ல வேலை செஞ்ச அதே காலத்து உளி.